நடு வெளுத்த உருண்டைகள்

நான் செய்கிற பொருளை நானே பார்த்ததில்லை. தச்சர் தான் செய்த நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கலாம். தையல்காரர் தான் தைத்த சட்டையைப் போட்டுப் பார்க்கலாம். நான் செய்ததைப் பார்க்க வேண்டுமென்றால் என் மனைவியைத்தான் கேட்க வேண்டும். அவளும் காட்டமாட்டாள். பாஸா ஃபெயிலா என்று மட்டும் சொல்வாள்.

நாங்கள் இரண்டு பேரும் ஒரே கம்பெனியில் வேலை பார்க்கிறோம். நான் பொடி செய்கிறேன், அவள் அதைச் சோதிக்கிறாள். முகத்துக்குப் போடுகிற பொடி இல்லை, பல்லுக்குப் போடுகிற பொடி. சொத்தைப் பல்லை அடைக்கும் பசையில் கலக்கிற சிர்கோனியா. அதன் ஒவ்வொரு துகளும் ஒரு குட்டி உருண்டை. ஒரு தலைமுடியின் குறுக்கே நூற்றுக்கணக்கில் வரிசையாக நிற்க வைக்கலாம், நிற்க வைக்கிற பொறுமை யாருக்காவது இருந்தால். நானோ துகள் செய்கிறேன் என்று சொன்னால் உறவுக்காரர்கள் மத்தியில் மரியாதை கூடும் என்று ஒரு காலத்தில் நம்பினேன். "அப்படியா, அது எந்த மொபைலுக்கு?" என்று கேட்டார்கள். அன்றிலிருந்து "பவுடர் கம்பெனி" என்று சொல்லிவிட்டுச் சாப்பாட்டைக் கவனிக்கிறேன்.

செய்முறை, சொல்வதற்கு எளிது. சிர்கோனியம் உப்பைத் தண்ணீரில் கரைத்து ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் ஊற்றுவேன். பாத்திரத்தின் அடியில் வட்டமாக ஒரு சின்னத் தட்டு. காதுக்கு எட்டாத வேகத்தில் அது அதிரும். அதிர்ந்ததும் கரைசல் மேலே துள்ளி, வெள்ளை வெளேரென்று பனிமூட்டமாக எழும்பும். பின்னறையில் இருக்கும் ப்ளோயர் அங்குள்ள காற்றை இழுத்து ஊத, அந்தப் பனி நகர்ந்து போய் நீளமான ஒரு சூட்டுக் குழாய்க்குள் நுழையும். நுழைவது துளி, வெளியே வருவது உருண்டை. வழியிலேயே தண்ணீர் ஆவியாகி, உப்பு இறுகி, வெந்து கெட்டியாகிவிடும். குழாயின் மறுமுனையில் ஒரு துணிப்பை எல்லாவற்றையும் பிடித்து வைத்துக்கொள்ளும்.

காலையில் தட்டு அதிர ஆரம்பித்து முதல் பனி எழும்பும் நேரம் இருக்கிறதே, அப்போது என் அறைக்குள் யார் வந்து என்ன திட்டினாலும் எனக்குக் கேட்காது. பாத்திரத்துக்குள் ஒரு மேகம் பிறந்து, சுற்றிப் பார்த்து, போகிற வழியைக் கண்டுபிடித்துப் போகும். பல வருஷமாகப் பார்க்கிறேன். இன்னும் வாயைத் திறந்துகொண்டுதான் பார்க்கிறேன். இதனால் கம்பெனியில் எனக்குப் 'புகை' என்று பெயர். "அது புகை இல்லீங்க, பனி" என்று எல்லோரிடமும் விளக்கினேன். "சரி புகை" என்றார்கள்.

என் மனைவிக்கு அங்கே 'லென்ஸ்' என்று பெயர். அவளுடைய மைக்ராஸ்கோப் அறைக்குள் நான் நுழையக் கூடாது. என் உடம்பிலும் உடுப்பிலும் ஒட்டியிருக்கும் பொடி அங்கே பறந்தால் எல்லாச் சோதனையும் கெடும். சோதிப்பவருக்கு யார் செய்த பொடி என்று தெரியக் கூடாது என்பது இன்னொரு விதி. அதனால் குப்பியில் பெயர் எழுத மாட்டோம், வெறும் எண் மட்டும்தான். மிகவும் நியாயமான விதி. ஆனால் அந்தக் கட்டடத்தில் பொடி செய்கிறவன் நான் ஒருத்தன்தான்.

அவள் குடும்பத்தின் கையால் ஃபெயில் வாங்குவது எனக்குப் புதிதும் இல்லை. அவளுடைய அப்பா, அதாவது என் மாமனார், வண்டி ஓட்டும் லைசென்ஸுக்குப் பரீட்சை வைக்கும் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். என்னை இரண்டு தடவை ஃபெயில் செய்தவர். மூன்றாவது தடவை பாஸ் போட்டார். அதற்குள் அவருக்குச் சாப்பாடு கொண்டுவந்து கொடுக்கும் மகளிடம் நான் வேறொரு பரீட்சையில் தேறியிருந்தேன். ஃபெயில் போடுவது அவர்களுக்கு ரத்தத்திலேயே ஊறியது. இப்போது அவர் எங்களோடுதான் இருக்கிறார். சாயங்காலம் நாங்கள் வந்ததும் நாளிதழை இறக்கிவிட்டு, "என்ன மாப்பிள்ளை, இன்னிக்கு ரிசல்ட்டு?" என்பார்.

"அப்பா, பொடிப் பேச்சு வாசலோட சரி" என்பாள் என் மனைவி. அது வீட்டு விதி.

"நீ சொல்ல வேண்டாம்மா. அவர் மூஞ்சியே சொல்லுது. ரிவர்ஸ்ல போய் கம்பத்துல இடிச்ச மூஞ்சி."

இப்படிச் சந்தோஷமாகப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில், பனிக்காலம் பாதி போயிருந்த சமயம், பல் டாக்டர் குறுக்கிட்டார்.

அவர் டாக்டர் தொழிலை விட்டுவிட்டுப் பல்லடைக்கும் பசை செய்யும் தொழிற்சாலை ஆரம்பித்தவர். ஆனால் பழக்கம் போகவில்லை. பேசும்போது நம் கண்ணைப் பார்க்க மாட்டார், வாயைத்தான் பார்ப்பார். நாங்கள் முதலில் கொடுத்த மாதிரிப் பொடி அவருக்குப் பிடித்துப்போனது. உருண்டை எல்லாம் உள்ளே கெட்டியாக, ஏறக்குறைய ஒரே அளவில் இருந்ததாம். உள்ளே காலியாக இருந்தால் கடிக்கும்போது நொறுங்கிவிடும், அடைத்த பல் மறுபடி திறந்துகொள்ளும்.

"ஒரு தடவை நல்லா வர்றது யாருக்கும் வரும்" என்று போனில் சொன்னாராம். "அதே மாதிரி மறுபடி செய்யட்டும். நான் நேர்ல வந்து பார்த்துட்டு முடிவு சொல்றேன்."

இதை என்னிடம் வந்து சொன்னவர் எங்கள் மேனேஜர். அவருக்கு 'அவசரம்' என்று பெயர். வைத்தது யார் என்று யாருக்கும் தெரியாது. நானாகவும் இருக்கலாம்.

"இதுதான் கடைசி சான்ஸ், புகை. டாக்டர் வேண்டாம்னு சொல்லிட்டா அந்தக் குழாயை அணைச்சிட வேண்டியதுதான். பொடியை வெளியில வாங்கி, பொட்டலம் போட்டு வித்துட்டுப் போயிடலாம்."

"அப்ப நான், சார்?"

"உங்களுக்கென்ன! விற்பனைக்குப் போட்டுடறேன். நல்லா வாய் பேசுறீங்களே." அவர் எதையும் தள்ளிப்போடுகிறவர் இல்லை. அங்கேயே ஒரு டையை எடுத்து என் கையில் கொடுத்தார். நீல நிறம். அதில் சின்னச் சின்னப் பற்கள் வரிசையாகச் சிரித்துக்கொண்டிருந்தன.

டையை அலமாரிக் கொக்கியில் மாட்டிவிட்டு என் பாத்திரத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். நான் வெளியே வாய் பேசுகிறவன்தான். ஆனால் அந்த வாய், பனி எழும்பும்போது தானாக மூடிக்கொள்... இல்லை, திறந்தபடியே சும்மா இருக்கும். வேறெங்கும் அது சும்மா இருந்ததில்லை. அந்த மேகத்தை விட்டுவிட்டு, கழுத்தில் பல் கட்டிக்கொண்டு, முன்பின் தெரியாத ஆட்களைப் பார்த்துச் சிரிப்பதா?

சரி, ஒரு கை பார்த்துவிடுவோம் என்று முடிவு செய்தேன். டாக்டர் நேரில் வருகிறார் என்பதால் எனக்கு வழக்கமாக வராத ஓர் எண்ணமும் வந்தது. சுத்தம் செய்வோம்.

என் அறை பரவாயில்லை. பின்னறைதான் மோசம். பொடி பிடிக்கும் துணிப்பைகளை நான் அங்கேதான் துவைத்து, ப்ளோயரின் வாய்க்கு எதிரே குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு கட்டி உலர்த்துவேன். காற்று இழுக்கிற இடமல்லவா, சீக்கிரம் காயும். டாக்டர் அதைப் பார்த்தால் பல்லடைக்கும் பொருள் செய்கிற இடமா, துவைக்கிற இடமா என்று கேட்பார். கயிற்றை அவிழ்த்துக் குப்பையில் போட்டேன். பைகளை அப்புறப்படுத்தினேன். தரையைத் தேய்த்தேன். ப்ளோயரைத் துடைத்ததில் அதில் என் முகமே தெரிந்தது. அது ஒன்றுதான் குறை.

"பிரமாதம்!" என்றார் அவசரம். "இதை அப்பவே செஞ்சிருக்கணும்."

மறுநாள் செய்த பொடி குப்பியில் எண் போட்டு மைக்ராஸ்கோப் அறைக்குப் போனது. அந்த அறைக்கும் நடைபாதைக்கும் நடுவே ஒரு கண்ணாடிச் சன்னல் உண்டு. முடிவை ஒரு சீட்டில் எழுதி அதில் ஒட்டுவாள். மதியம் ஒட்டினாள்: 'உள்ளே காலி. நிராகரிப்பு.'

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று நான் என் வயிற்றைத் தட்டிக் காட்டினேன். இதுவும் காலிதான், இன்னும் சாப்பிடவில்லை என்று அர்த்தம். அவள் சிரிக்கவில்லை. அப்போதுதான் எனக்குக் கொஞ்சம் பயம் வந்தது.

சூட்டைக் குறைத்துப் பார்த்தேன். உள்ளே காலி. புது உப்பு டப்பாவைத் திறந்து புதுசாகக் கரைத்துப் பார்த்தேன். உள்ளே காலி. அடித்தட்டை மாற்றினேன். குழாயோடு பேசிப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன், அதன் பரம்பரையையே இழுத்துத் திட்டியும் பார்த்தேன். மாற்றம் எதுவும் இல்லை. சீட்டில் 'உள்ளே காலி' என்று எழுதி எழுதி அவளுக்கே அலுத்துப்போய், கடைசியில் ஒரு வட்டம் மட்டும் போட்டு ஒட்டினாள்.

டாக்டர் வரும் நாளுக்கு முந்தின நாள். நடைபாதையில் நின்று அவசரம் என் மனைவியிடம் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார். அவருடைய தாழ்ந்த குரல் தெருவுக்குக் கேட்கும்.

"வெளியில பார்த்தா உருண்டையாத்தானேம்மா இருக்கு? கொஞ்சம் கண்ணை மூடிக்கிட்டா எல்லாருக்கும் நல்லது. உங்க வீட்டுக்காரருக்கும் நல்லது."

"கண்ணை மூடிக்கிறதுக்கு எதுக்கு சார் இவ்வளவு பெரிய மைக்ராஸ்கோப்?" என்றாள் அவள். "யாரோ ஒருத்தர் பல்லுல போய் உட்காரப்போற பொடி. அதுவும் செஞ்சது என் புருஷன். ஊர்ல இருக்கிறவன் பொடியை ஒரு தடவை பார்ப்பேன்னா இவர் பொடியை ரெண்டு தடவை பார்ப்பேன்."

அவசரம் வேகமாக நகர்ந்துவிட்டார். அவள் என் பக்கம் திரும்பினாள். கோபமாக இருக்கிறாளோ என்று பார்த்தேன். இல்லை.

"ஏங்க, போய்க் குளிச்சிட்டு வாங்க."

"இப்பவா? வேலை நேரத்துலயா?"

"தலைக்குக் குளிங்க. நகத்தையும் தேய்ங்க. சார்கிட்ட பர்மிஷன் வாங்கிட்டேன். உள்ள வந்து நீங்களே பாருங்க. ஃபெயில் ஃபெயில்னு நான் ஒட்டிட்டே இருந்தா ஆகாது. எப்படி ஃபெயில்னு தெரிஞ்சாத்தானே சரிபண்ணுவீங்க?"

கல்யாணத்துக்குக்கூட நான் அப்படித் தேய்த்துக் குளிக்கவில்லை. தலையிலிருந்து கால் வரை மூடும் வெள்ளை அங்கியை மாட்டிக்கொண்டு, முழுசாகப் பொதிந்த பார்சல் மாதிரி அந்த அறைக்குள் நுழைந்தேன். குளிர்ச்சியான அறை. ஒரு மூலையில், பொடியின் படிகத்தைச் சோதிக்கும் எக்ஸ்ரே பெட்டி ஒன்று முணுமுணுத்துக்கொண்டிருந்தது. நடுவில் ஓர் ஆள் உயரத்துக்கு மைக்ராஸ்கோப். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு என்னை உட்காரவைத்து, திரையை என் பக்கம் திருப்பினாள்.

"இது நாம முதல்ல கொடுத்த மாதிரிப் பொடி. டாக்டருக்குப் பிடிச்சது. கொஞ்சம் எடுத்து வச்சிருந்தேன்."

சாம்பல் நிறத் திரையில் கரிய உருண்டைகள். ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும், மை சிந்தினது போல, ஆனால் ஒவ்வொன்றும் அவ்வளவு வட்டமாக. இத்தனை வருஷம் என் கையால் வந்தவையெல்லாம் இப்படித்தான் இருந்திருக்கின்றன. என்னைக் கேட்காமலே இவ்வளவு அழகாக வளர்ந்திருக்கின்றன. அங்கியின் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

"அழறீங்களா?"

"அங்கிக்குள்ள வேர்க்குது."

"கண்ணுல மட்டும் வேர்க்குதா? சரி, இப்ப இதைப் பாருங்க. நேத்து செஞ்சது."

படம் மாறியது. அதே உருண்டைகள்தான். ஆனால் ஒவ்வொன்றின் நடுவும் வெளுத்திருந்தது. ஓரம் மட்டும் கறுப்பு. சில உடைந்து, ஓட்டாஞ்சில்லு மாதிரி கிடந்தன.

"இந்த மைக்ராஸ்கோப்புல வெளிச்சத்துக்குப் பதிலா எலக்ட்ரான் உள்ள பூந்து வருது. கெட்டியா இருந்தா தடுக்கும், கறுப்பாத் தெரியும். காலியா இருந்தா நடுவுல விட்டுடும்."

"மோதிரம் மாதிரி இருக்கு" என்றேன்.

சொல்லியிருக்கக் கூடாது. அவள் இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"ஆமா. கல்யாணம் ஆனதுலேர்ந்து எனக்கு ஒரு மோதிரம் வாங்கித் தந்ததில்ல. இப்பப் பாருங்க, கோடிக்கணக்குல செஞ்சு அனுப்புறீங்க. எந்த விரல்ல போட?"

நாங்கள் இருவரும் அந்த அறையில் சத்தம் போட்டுச் சிரித்தது அதுதான் முதல் தடவை. சிரித்து முடித்ததும் அவள் ஓர் உருண்டையைப் பெரிதாக்கிக் காட்டினாள்.

"சூடு எல்லாம் சரியாத்தான் இருக்கு. எக்ஸ்ரேலயும் குத்தம் இல்ல. ஆனா துளி ரொம்ப சீக்கிரம் காயுது. வெளித்தோல் முதல்ல இறுகிடுது. உள்ள மாட்டிக்கிட்ட தண்ணி ஆவியாகி, ஊதி, வயித்தைக் காலியாக்கிட்டுப் போயிடுது. முன்னாடி மெதுவாக் காய்ஞ்சுது, இப்ப வேகமாக் காயுது. என்னத்தை மாத்தினீங்க?"

"சத்தியமா ஒண்ணும் மாத்தல."

"யோசிங்க."

யோசித்தேன். உண்மையிலேயே எதுவும் நினைவுக்கு வரவில்லை. யோசிப்பதில் எனக்கு எப்போதுமே நல்ல பெயர் இல்லை.

சாயங்காலம் வீட்டுக்குப் போனோம். மாமனார் வழக்கம்போல ரிசல்ட் கேட்கவில்லை. அறை வாசலில் நின்று, "ஒரு நிமிஷம் இங்க வாம்மா" என்று மகளைக் கூப்பிட்டார். எனக்குக் குப்பென்று வேர்த்தது.

விஷயம் இதுதான். பின்னறையைச் சுத்தம் செய்தபின் துணிப்பைகளைத் துவைத்தால் உலர்த்த இடமில்லை. அதனால் கம்பெனியிலேயே நன்றாக அலசி, ஈரத்தோடு வீட்டுக்குக் கொண்டுவந்து மாமனாரின் அறையில் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். அவள் அந்தப் பக்கம் அதிகம் போக மாட்டாள். மாமனாரோடு ஓர் ஒப்பந்தம்: அவர் பைகளைப் பற்றி வாய் திறக்கக் கூடாது, அவர் ரேடியோவை அலறவிட்டால் நான் வாய் திறக்கக் கூடாது.

"மாமா, நாம பேசினது என்ன?"

"பேசினது காயப்போடறதைப் பத்தி மாப்பிள்ளை. என்னையும் சேர்த்து ஊறப்போடறதைப் பத்தி இல்ல. வந்து பாருங்க, பேப்பரைத் தொட்டா பிசுபிசுங்குது. சன்னல் கண்ணாடியெல்லாம் அழுவுது."

உள்ளே அலமாரிக்கும் கட்டிலுக்கும் நடுவே பைகள் தொங்கின. வெளியே உதடு வெடிக்கிற வறண்ட குளிர். மூடியிருந்த சன்னல் கண்ணாடி முழுக்கத் தண்ணீர் முத்துக் கோத்து, அங்கங்கே வழிந்துகொண்டிருந்தது.

"கம்பெனிப் பையை வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாதுன்னு உங்களுக்கு எத்தனை தடவை..." என்று ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்தினாள். சன்னலருகே போனாள். கண்ணாடியில் விரலால் ஒரு கோடு இழுத்தாள்.

"இதெல்லாம் முன்னாடி எங்க காயும்?"

"பின்னறையில."

"பின்னறையில எங்க?"

"ப்ளோயர் வாய்க்கு எதிர்ல..." என்று சொல்லும்போதே என் குரல் இறங்கிக்கொண்டே போனது.

"எப்ப எடுத்தீங்க?"

"டாக்டர் வர்றாங்களேன்னு, கொஞ்சம் சுத்தமா..."

"ஒண்ணும் மாத்தலன்னு சத்தியம் பண்ணீங்க."

"துணி காயப்போடறது எல்லாம் ஒரு மாத்தமான்னு..."

இரண்டு பேரும் சன்னலையே பார்த்தோம். கண்ணாடியில் ஒரு முத்து உருண்டு கீழே விழுந்தது. ஈரப் பைகளை உரசிக்கொண்டு போன காற்று ஈரக் காற்று. ஈரக் காற்றில் துளி அவசரப்படாமல், உள்ளும் வெளியும் ஒன்றாக மெதுவாக உலரும். நான் பைகளை எடுத்ததும் குழாய்க்குள் போனது இந்தப் பனிக்காலத்து வறட்டுக் காற்று. எங்கள் உதட்டையெல்லாம் வெடிக்க வைத்த அதே காற்று. நான் சூட்டைச் சந்தேகப்பட்டேன், உப்பைச் சந்தேகப்பட்டேன், சூட்டுக் குழாயின் பாட்டன் பூட்டனைக்கூட விடவில்லை. என் துடைப்பத்தை மட்டும் சந்தேகப்படவில்லை.

அவள் ஒரு ஈரப் பையை எடுத்து என் தலையில் கவிழ்த்தாள். பைக்குள் இருந்த எனக்கு அவள் சிரிப்பது கேட்டது. அப்படியே என் இரண்டு தோளையும் பிடித்துக் குலுக்கினாள்.

"அப்ப தப்பு யாரு மேலம்மா?" என்றார் மாமனார்.

"என் மேலதான் மாமா" என்றேன் பைக்குள்ளிருந்து.

"ஒத்துக்கிட்டாரு. ஃபெயில் போட்டுக்கோ."

மறுநாள் காலை, டாக்டர் வருவதற்கு முன்னால் வேலையை முடித்துவிட வேண்டுமென்று பைகளைச் சுமந்துகொண்டு ஓடினேன். அப்போதுதான் கயிறு நினைவுக்கு வந்தது. அதைத்தான் குப்பையில் போட்டு, குப்பையும் போய்விட்டதே. கிடைத்த ஒயரையும் கட்டுக் கம்பியையும் முடிச்சுப் போட்டுக் கட்டினேன். சுவர்க் கொக்கிக்கு எட்ட ஒரு முழம் குறைந்தது. சுற்றுமுற்றும் பார்த்தேன். அலமாரியில் டை தொங்கிக்கொண்டிருந்தது. அதன் பற்கள் என்னைப் பார்த்துச் சிரித்தன. இந்தத் தடவை நானும் சிரித்தேன்.

பைகளைத் தண்ணீரில் நனைத்துத் தொங்கவிட்டு, ப்ளோயரைப் போட்டு, தட்டை அதிரவிட்டேன். பனி எழும்பியது. அப்போது அவசரம் உள்ளே பாய்ந்தார்.

"டாக்டர் வாசலுக்கு வந்துட்டாங்க! ஐயய்யோ, என்ன இது? தேய்ச்சுத் தேய்ச்சு வச்ச ரூமை மறுபடி சலவைக் கடை ஆக்கிட்டீங்களே! எடுங்க, எடுங்க! அது... அது நான் கொடுத்த டை இல்ல?"

"அதேதான் சார். நல்லா தாங்குது."

அவர் பைகளைத் தாமே பிடுங்கப் போனார். நான் குறுக்கே நின்றேன். அவர் வலது பக்கம் போக, நானும் வலது பக்கம் போக, இரண்டு பேரும் ஈரப் பைகளுக்கு நடுவே கண்ணாமூச்சி ஆடிக்கொண்டிருந்தபோது, "உள்ள வரலாமா?" என்று ஒரு குரல் கேட்டது.

பல் டாக்டர் முதலில் என் வாயைப் பார்த்தார். பிறகு மேனேஜரின் வாயைப் பார்த்தார். பிறகு சொட்டிக்கொண்டிருந்த பைகளையும், பல் போட்ட டையையும்.

"இது என்ன?"

"அது வந்து டாக்டர், ஒரு சின்ன... தற்காலிக..." என்று அவசரம் தடுமாறினார்.

"நான் சொல்றேன் டாக்டர்" என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். சுத்தம் செய்தது, ஒன்றன்பின் ஒன்றாக ஃபெயில் ஆனது, மாமனாரின் சன்னல் அழுதது, எல்லாம். அவசரம் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டார். டாக்டர் என் முன்பற்களைப் பார்த்தபடியே பொறுமையாகக் கேட்டார்.

"வாயில ஈரம் வத்திப்போனா பல்லு போயிடும். அது எனக்குத் தெரியும்" என்றார் கடைசியில். "உங்க குழாய்க்கும் அப்படித்தான்னு இப்பத் தெரிஞ்சுக்கிட்டேன். சரி, பொடி எங்க?"

பையிலிருந்து குப்பியில் சேகரித்து எண் போட்டு நீட்டினேன். நடைபாதையில் காத்துக்கொண்டிருந்த என் மனைவி அதை வாங்கிக்கொண்டாள். வாங்கிக்கொண்டு நகரவில்லை.

"இது போதாது."

"ஏன்?" என்றேன்.

"இது ஒண்ணு நல்லா வந்தா அதிர்ஷ்டம்னுகூடச் சொல்லலாம். பையெல்லாம் கழட்டிட்டு, காத்து காயற வரைக்கும் ஓட்டிட்டு, இன்னொண்ணு செஞ்சு கொடுங்க. அது காலியா வரணும். வந்தாத்தான் பைதான் காரணம்னு அர்த்தம்."

"டாக்டர் முன்னாடியே ஃபெயில் ஆகணும்கிறியா?"

"நல்லா ஃபெயில் ஆகணும். உங்களுக்குப் பழக்கம்தானே?"

டாக்டர் அன்று முதல் தடவையாக ஒருவரைக் கண்ணுக்கு நேராகப் பார்த்தார். என் மனைவியை.

முதல் குப்பியை அவள் உள்ளே எடுத்துப்போனாள். பைகளைக் கழற்றினேன். டையை மட்டும் கொக்கியிலேயே விட்டேன். வறட்டுக் காற்றில் குழாய் ஓடியது. புதுப் பையில் விழுந்த பொடியை இரண்டாவது குப்பியில் கொடுத்தேன். வாழ்க்கையிலேயே ஒரு பொடி கெட்டுப்போகட்டும் என்று வேண்டிக்கொண்டு கொடுத்தது அதுதான்.

பிறகு காத்திருப்பு. நடைபாதையில் நானும், அவசரமும், டாக்டரும். அவசரம் ஏதோ சமாதானமாகப் பேச வாயெடுத்தார்.

"அப்படியே வாயைத் திறந்து வைங்க" என்றார் டாக்டர். எட்டிப் பார்த்தார். "மேல் வரிசையில ஒண்ணு அடைக்கணும். கவனிங்க, பெருசாயிடும்."

அவசரம் வாயை மூடினார். முடிவு வரும்வரை திறக்கவே இல்லை. எங்கள் கம்பெனியில் அப்படி ஓர் அமைதி அதற்கு முன் இருந்ததில்லை. டை ஒரு பக்கம், மேகம் ஒரு பக்கம். நடுவில் ஒரு கண்ணாடிச் சன்னல்.

சன்னலுக்குப் பின்னால் அவள் வந்தாள். முகத்தில் ஒன்றும் இல்லை. அப்பா வளர்ப்பு அப்படி. இரண்டு படங்களைக் கண்ணாடியில் பக்கம் பக்கமாக ஒட்டினாள். இடது பக்கத்தில் கன்னங்கரேலென்று, உள்ளும் புறமும் கெட்டியான உருண்டைகள். வலது பக்கத்தில் நடு வெளுத்த உருண்டைகள்.

டாக்டர் மூக்கு கண்ணாடியில் படுகிற அளவுக்குக் கிட்டப் போய்ப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். "எனக்கு நல்ல பொடி காட்டினவங்க நிறையப் பேர்" என்றார் திரும்பி. "எப்படிச் செஞ்சா கெட்டுப்போகும்னு செஞ்சு காட்டினவங்க நீங்கதான். எனக்கு இடது பக்கத்துல இருக்கிற பொடி வேணும். வருஷம் பூரா வேணும். குழாயை அணைச்சிடாதீங்க."

எனக்குக் குதிக்க வேண்டும் போல இருந்தது. கையை மட்டும் மேலே தூக்கினேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் லென்ஸ் மேடம் சுற்றிலும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, வெள்ளை அங்கியோடு ஒரு குதி குதித்தாள். எல்லோரும் பார்த்தோம்.

அவசரம் கையால் வாயை மறைத்துக்கொண்டு, "காத்தை ஈரமாக்குற மெஷின் ஒண்ணு உடனே ஆர்டர் போட்டுடறேன்" என்றார். "அளவு காட்டுற மீட்டரோட." பிறகு பின்னறைப் பக்கம் தலையாட்டினார். "அது வர்ற வரைக்கும் டை அங்கேயே இருக்கட்டும்."

சாயங்காலம் மாமனார் நாளிதழை இறக்கினார். என் முகத்தைப் படித்துப் பார்த்தார். குழம்பிப்போனார்.

"என்ன மாப்பிள்ளை, இந்த மூஞ்சியை நான் பார்த்ததே இல்லையே?"

"பாஸ்ப்பா" என்றாள் என் மனைவி, வீட்டு விதியை அவளே மிதித்துத் தள்ளிவிட்டு. "முழு பாஸ்."

கைப்பையிலிருந்து ஒரு படத்தை எடுத்து என்னிடம் நீட்டினாள். இடது பக்கத்துப் படம். எனக்கே எனக்கு. கரிய உருண்டைகள், ஒவ்வொன்றும் அவ்வளவு வட்டம். நான் வாயைத் திறந்துகொண்டு பார்த்தேன்.

"நல்லாப் பார்த்துக்கங்க" என்றாள். "அதுல ஒரு மோதிரம்கூட இல்ல."

"இல்லையே. எவ்வளவு கெட்டியா இருக்கு பாரு."

"அதைத்தான் சொல்றேன். கம்பெனியில இனிமே மோதிரம் வராது. அதனால இப்பக் கடைக்குப் போறோம்."

மாமனார் எங்களுக்கு முன்னால் செருப்பை மாட்டிக்கொண்டு போய்க் காரின் முன் சீட்டில் உட்கார்ந்துவிட்டார். நான் சாவியைத் திருப்பினேன். படத்தை ஸ்டியரிங்குக்கு எதிரே, எனக்குத் தெரிகிற மாதிரி சாய்த்து வைத்தேன்.

"அதைப் பின்னாடி கொடுங்க மாப்பிள்ளை" என்றார் அவர், சீட் பெல்ட்டை இழுத்துக்கொண்டே. "ரோட்டைப் பார்த்து ஓட்டுங்க. நான் கவனிச்சிட்டுத்தான் இருக்கேன்."